23 இன்ச் ட்ராவல் கிட்டாருக்கு 10 கேஜா, 12 கேஜா? கம்பி மாத்துறதுலயும் ஒரு சந்தேகம்

ஆறுகம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட ஒரு சின்ன அக்கூஸ்டிக் ட்ராவல் கிட்டார் இருக்கு, ஸ்டீல் கம்பிதான், நட்டுலேருந்து (நெக் மேல்முனையில கம்பி உக்காருற பள்ளக் கட்டை) சேடில் (பிரிட்ஜ் மேல கம்பியைத் தாங்குற பட்டை) வரைக்கும் டேப் வெச்சு அளந்தா சரியா 23 இன்ச் வருது. இப்ப அதுல இருக்குற கம்பி ரொம்பப் பழசாயிடுச்சு, மேல சுத்தின வெண்கலம் கருத்துப் போச்சு, கீழ ரெண்டு ப்ளெயின் (சுத்து இல்லாத) கம்பியும் தடவுனா சொரசொரன்னு இருக்கு. மாத்தணும். எந்த கேஜ், அதாவது எவ்வளவு தடிமன்னுதான் புரியல (10, 12ங்கறது செட்ல மெல்லிசான முதல் கம்பியோட தடிமன், இன்ச்ல ஆயிரத்துல அத்தனை பங்கு).

வாசிச்சா விரல் நல்லா வலிக்குது, அதனால 10 போடுன்னு ஒரு நண்பன் சொல்றான். இன்னொருத்தர் கிட்டார் சொல்லிக் குடுக்குறவர், அவர் நேர்மாறா சின்ன கிட்டார்ல 10 போட்டுடாதே 12 இல்லன்னா 13 போடுன்னு சொல்றாரு. சின்ன உடம்பு கிட்டாருக்கு கனமான கம்பி போட்டா பிரிட்ஜ் (மேல்பலகையில ஒட்டியிருக்குற, கம்பியைப் பிடிச்சிருக்குற கட்டை) பிச்சுக்கிட்டு வந்துடாதா?

இன்னொண்ணு, இப்ப இருக்குற கம்பியை இந்த நண்பன்தான் மாட்டிக் குடுத்தான், அப்போலேருந்தே முதல் கம்பி சுருதி நிக்கவே மாட்டேங்குது, பத்து நிமிஷம் வாசிச்சா இறங்கிடுது. ட்யூனர்ல வெறும் கம்பி எல்லாம் சரியா காட்டுது ஆனா C கார்டு, G கார்டு பிடிச்சா ஏதோ புளிச்ச மாதிரி கேக்குது. இதுக்கெல்லாம் கம்பிதான் காரணமா? மாத்தும்போது ஆறையும் ஒரே நேரத்துல கழட்டலாமா, இல்ல ஒண்ணொண்ணாத்தான் மாத்தணுமா? பயணத்துக்கு எடுத்துட்டுப் போறதுக்குன்னே வாங்கினது, அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

---

மரத்தூள்:

உங்க வாத்தியார் சொல்றதுதான் சரி. ஏன்னு சொல்றேன், இது புரிஞ்சா இனிமே எந்த கிட்டார் வாங்கினாலும் யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏத்தணும்னா அதுக்கு எவ்வளவு டென்ஷன் வேணும்ங்கறது கம்பியோட நீளத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. நீளம் கொஞ்சம் குறைஞ்சாலே டென்ஷன் நிறைய குறையும். ஃபுல் சைஸ் கிட்டார் பெரும்பாலும் 25.5 இன்ச் பக்கம் இருக்கும், உங்களது 23. கணக்குப் போட்டா அதே கம்பி உங்க கிட்டார்ல கிட்டத்தட்ட 19 சதவீதம் தளர்வா இருக்கும். முதல் கம்பியை மட்டும் எடுத்துக்குங்க. 12 கம்பி 25.5 இன்ச்ல E சுருதிக்கு வந்தா சுமார் 23 பவுண்ட் இழுக்கும், உங்க 23 இன்ச்ல அதே கம்பி 19 பவுண்ட்தான். ஃபுல் சைஸ் கிட்டார்ல 11 கம்பி போட்டா வர்ற டென்ஷனே 19.6 பவுண்ட். அப்ப நீங்க 12 போட்டா கையில தெரியப்போறது 11 மாதிரிதான், 13 போட்டாக்கூட 22 பவுண்ட் பக்கம், அதாவது பெரிய கிட்டார்ல 12 இழுக்குறதை விடக் கொஞ்சம் கம்மி. 10 போட்டீங்கன்னா 13 பவுண்டுக்கு வந்துடும். அது கம்பியா இருக்காது, தொங்கும். ஓங்கி ஸ்ட்ரம் பண்ணா ஃபிரெட் (நெக்ல குறுக்க இருக்குற உலோகப் பட்டை) எல்லாத்துலயும் பட்டு கிர்ர்னு அதிரும், சத்தமும் மெலிஞ்சு போகும், ஏன்னா மேல்பலகையை அசைக்குறது கம்பியோட இழுவைதான், சின்ன உடம்புக்கு அது இன்னும் அதிகமாவே வேணும்.

டெய்லர் ஜிஎஸ் மினி பாருங்க, 23.5 இன்ச் ஸ்கேல் (நட்டுலேருந்து சேடில் வரைக்கும் உள்ள நீளம்), அதுக்குக் கம்பெனியே 13லேருந்து 56 வரைக்கும் உள்ள மீடியம் செட் போட்டுத்தான் அனுப்புறாங்க. அந்த ஸ்கேல்ல 13 கம்பியோட டென்ஷனும் 25.5 இன்ச்ல 12 கம்பியோட டென்ஷனும் கிட்டத்தட்ட ஒண்ணேதான், பவுண்ட் கணக்குல வித்தியாசமே தெரியாது. யோசிச்சு செஞ்சிருக்காங்க. பேபி டெய்லர் 22¾, லிட்டில் மார்ட்டின் 23, யமஹா ஜேஆர் வரிசை 540 மில்லிமீட்டர் அதாவது 21¼ இன்ச் பக்கம், எல்லாமே இந்தக் கணக்குக்குள்ளதான் வரும், ஸ்கேல் குட்டையாக ஆக கம்பி தடிமனாகணும்.

பிரிட்ஜ் பிச்சுக்குமான்னு கேட்டீங்க. 12 செட் ஃபுல் சைஸ்ல மொத்தமா 160 பவுண்ட் பக்கம் இழுக்கும், உங்களதுல 130 சொச்சம். 12க்கு பயப்படவே வேண்டாம். 13 போடுறதுக்கு முன்னாடி மட்டும் ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, பிரிட்ஜுக்குப் பின்பக்கம் ஓரத்துல ஒரு மெல்லிய பேப்பரை நுழைச்சுப் பாருங்க, உள்ள போச்சுன்னா ஏற்கெனவே பசை விட ஆரம்பிச்சிருக்கு, அதை ஒட்டுற வரைக்கும் கனமான கம்பி வேண்டாம். ரெண்டாவது நெக்குக்குள்ள ட்ரஸ் ராட் (நெக் வளைவை சரி பண்ற இரும்புத் தண்டு) இருக்கான்னு பாருங்க, ரொம்ப மலிவான சின்ன கிட்டார் சிலதுல இருக்காது, இல்லன்னா 12ஓட நிறுத்திக்குங்க. கம்பெனி எந்த கேஜ் சொல்லியிருக்குன்னு கிட்டாரோட வந்த பேப்பர்ல இருந்தா அதுதான் முதல் பேச்சு.

---

வெண்கல_நாதம்:

மேல சொன்ன கணக்கோட ஒத்துப் போறேன். ஆனா விரல் வலி விஷயத்தை அப்படியே விட்டுட்டா கேள்வி கேட்டவர் 12 போட்டு ரெண்டு நாள்ல கிட்டாரை மூலையில வெச்சுடுவாரு, அதனால அதைப் பத்தி சொல்றேன்.

சின்ன கிட்டார்ல விரல் வலிக்குதுன்னா பெரும்பாலும் கேஜ் காரணமில்ல, நட்டு உயரம்தான் காரணம். கம்பெனிலேருந்து வரும்போது நட்டுல இருக்குற பள்ளத்தைக் கொஞ்சம் மேலாவே விட்டுத்தான் அனுப்புவாங்க, ஏன்னா அதிகமா அறுத்துட்டா அப்புறம் ஒட்ட முடியாது. இதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி, முதல் ஃபிரெட்ல கேப்போ (ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்துற கிளிப்) மாட்டி வாசிச்சுப் பாருங்க. திடீர்னு விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருந்துச்சுன்னா உங்க பிரச்சனை நட்டுதான். இன்னொரு சோதனை, கம்பியை ரெண்டாவது ஃபிரெட்டுக்கும் மூணாவது ஃபிரெட்டுக்கும் நடுவுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு முதல் ஃபிரெட்டுக்கு மேல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க, மயிரிழை அளவுக்குத்தான் இருக்கணும். நல்லா கண்ணுக்குத் தெரியுற இடைவெளி இருந்தா F கார்டு பிடிக்குறது தண்டனைதான்.

C கார்டும் G கார்டும் புளிக்குதுன்னு சொன்னீங்களே அதுக்கும் இதே காரணம் இருக்கலாம். நட்டு உயரமா இருந்தா முதல் மூணு ஃபிரெட்ல கம்பியை ரொம்ப கீழ வரைக்கும் அழுத்தணும், அழுத்த அழுத்த கம்பி நீண்டு சுருதி ஏறும். ட்யூனர்ல வெறும் கம்பி சரியா காட்டும், கார்டு பிடிச்சா விரல் வெச்ச சுரம் மட்டும் ஏறி நிக்கும். ஸ்கேல் குட்டையா இருந்தா இது இன்னும் அதிகமா தெரியும், அதோட கம்பியும் லேசா இருந்தா கேக்கவே வேண்டாம், நீங்க கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளினாக்கூட வளைஞ்சுடும். 12 கம்பி அதே விரல் அழுத்தத்துக்குக் கம்மியா வளையும். பழைய கம்பியும் ஒரு காரணம், துரு ஏறி அழுக்கு அடைஞ்ச கம்பி நீளம் முழுக்க ஒரே கனமா இருக்காது, அப்புறம் பன்னிரண்டாவது ஃபிரெட்ல சுரம் எப்படி சரியா வரும். அதனால முதல்ல புதுக் கம்பி போடுங்க, அதுக்கப்புறம் நட்டை ஒரு கைதேர்ந்தவர்கிட்ட காட்டுங்க. கம்பி போடுறதுக்கு முன்னாடி நட்டை அறுக்காதீங்க, எந்த கேஜ் போடப் போறீங்களோ அந்தத் தடிமனுக்குத்தான் பள்ளம் அறுக்கணும்.

உலோகம் பத்தி ஒரு வார்த்தை. 80/20ன்னு போட்டிருந்தா மேல சுத்தியிருக்குற கம்பியில 80 பங்கு செம்பு 20 பங்கு துத்தநாகம், சத்தம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா அந்தப் பளிச்சு சீக்கிரம் போயிடும். பாஸ்பர் ப்ரான்ஸ்னா செம்போட வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும், கொஞ்சம் உருண்டையா கதகதப்பா கேக்கும், டடாரியோ இதை 1974ல கொண்டுவந்தாங்க. சின்ன உடம்பு கிட்டார்ல ஏற்கெனவே அடிச் சத்தம் கம்மி, அதுல 80/20 போட்டா எனக்கு டப்பா மாதிரி கேக்குது, அதனால என் ஓட்டு பாஸ்பர் ப்ரான்ஸ்க்குத்தான். பயணத்துக்குன்னா கோட்டிங் உள்ளதா வாங்குங்க, வியர்வைக் கையா இருந்தா கண்டிப்பா. புதுசுல சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருக்கும், ஆனா சாதாரணக் கம்பி கருத்துப் போன பிறகும் இது அதே மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கும்.

---

சுருதி_பித்தன்:

முதல் கம்பி சுருதி இறங்குறதைப் பத்தி யாரும் தொடலையே. ஒரு போட்டோ போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், ஆனா பாக்காமலே சொல்றேன், பெக் (சுருதி திருகு) தண்டுல ஏழெட்டு சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கிடக்கும். கம்பி செட் எல்லாம் பெரிய கிட்டாருக்குன்னு நீளமா வரும், சின்ன கிட்டார்ல மாட்டும்போது மிச்சம் நிறைய இருக்கும், அதை வெட்டாம அப்படியே சுத்திடுவாங்க. அந்தச் சுத்து ஒவ்வொண்ணும் வாசிக்க வாசிக்க இறுகிக்கிட்டே போகும், அதுதான் சுருதி இறங்குறது. பெக்ல கோளாறுன்னு நெனச்சு பெக்கையே மாத்துறவங்க இருக்காங்க!

கழட்டும்போது முதல்ல நல்லா தளர்த்திடுங்க, இழுவையில இருக்குற கம்பியை வெட்டாதீங்க, முகத்துல அடிக்கும், நெக்குக்கும் நல்லதில்ல. பிரிட்ஜ் பின் (கம்பி முனையை பிரிட்ஜ் ஓட்டையில பிடிச்சு வைக்கிற சின்ன ஆப்பு) வரலைன்னா கொறடா வெச்சு பிடுங்க வேண்டாம், கம்பியைத் தளர்த்திட்டு பின் இருக்குற ஓட்டைக்குள்ள கம்பியைக் கொஞ்சம் கீழ தள்ளினா பிடி விட்டுடும், அதுக்கும் வரலைன்னா சத்தத் துளை வழியா கையை விட்டு உள்பக்கத்துலேருந்து ஒரு காசால தள்ளுங்க. கம்பி சுத்துற பிளாஸ்டிக் கைப்பிடி இருக்குல்ல, அதுல ஒரு வெட்டு இருக்கும், அது பின் எடுக்கத்தான்.

ஆறையும் ஒரே நேரத்துல கழட்டலாம். நெக் வளைஞ்சுடும்னு பயமுறுத்துவாங்க, அரை மணி ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது, கழட்டினாத்தான் ஃபிரெட்போர்டை நல்லா துடைக்க முடியும். ஒரே எச்சரிக்கை, சேடிலுக்கு அடியில பிக்கப் (சத்தத்தை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புற கருவி) இருந்தா கம்பி இல்லாதப்போ கிட்டாரைக் கவுக்காதீங்க, சேடில் கழண்டு விழுந்து திரும்ப மாத்தி வெச்சா சில கம்பி மட்டும் ஆம்ப்ல சத்தம் கம்மியா வரும். பிக்கப் இருந்தா ஒண்ணொண்ணா மாத்துறது நிம்மதி.

மாட்டும்போது குண்டு இருக்குற முனைக்கு மேல கம்பியை லேசா மடக்கி ஓட்டைக்குள்ள விடுங்க, பின்ல இருக்குற பள்ளம் சத்தத் துளைப் பக்கம் பாக்கணும். பின்னைக் கட்டை விரலால அழுத்திக்கிட்டே கம்பியை மேல இழுங்க, குண்டு உள்ள இருக்குற பலகையில போய் டக்குன்னு உக்காந்தது கையில தெரியும். இதை அவசரமா செஞ்சா குண்டு பின்னோட நுனியிலேயே நின்னுக்கும், சுருதி ஏத்தும்போது பின் பட்டுனு எகிறும். முதல் கம்பியில சுருதி நிக்காததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

அப்புறம் பெக்ல. கம்பியை ஓட்டை வழியா விட்டு இறுக்கமா இழுத்துட்டு, ஒன்றரை பெக் தூரம் அளவுக்கு, சுமாரா 5 சென்டிமீட்டர், திரும்ப தளர விடுங்க. தடி கம்பிக்கு ரெண்டு மூணு சுத்து, மெல்லிசு ரெண்டுக்கும் மூணு நாலு சுத்து போதும், ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துக்குக் கீழ போகணும், மேல ஏறக்கூடாது. கம்பி தண்டோட உள்பக்கமா வந்து சேரணும். முதல் சுத்து மட்டும் நீட்டிக்கிட்டு இருக்குற முனைக்கு மேல போய் மத்ததெல்லாம் கீழ போனா முனை நடுவுல பூட்டிக்கும், வழுக்காது. மிச்சத்தை சுருதி ஏத்தினதுக்கு அப்புறம் வெட்டுங்க. ஒருவேளை முன்னாடியே வெட்டணும்னா வெட்டுற இடத்துக்கு முன்னால கம்பியை செங்குத்தா மடக்கிட்டு வெட்டுங்க, இல்லன்னா சுத்தின வெண்கலம் உள்கம்பி மேல நழுவி அந்தக் கம்பி செத்த சத்தம் போடும், உள்கம்பி வட்டமா இருக்குற வகையில இது கண்டிப்பா நடக்கும்.

சுருதி சேர்த்ததும் பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம் கம்பியை மெதுவா மேல தூக்கி இழுங்க, இறங்கும், திரும்ப ஏத்துங்க, திரும்ப இழுங்க. இறங்குறது நிக்குற வரைக்கும். இதைப் பொறுமையா செஞ்சா மறுநாளே மேடையில வாசிக்கலாம்.

---

விரல்நடை:

எல்லாரும் 12, 13ன்னே சொல்றீங்க, ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ஸ்ட்ரம் பண்றவங்களுக்கு அது சரி. பிக் இல்லாம வெறும் விரல் நுனியால மெதுவா மீட்டுறவங்களுக்கு 11லேருந்து 52 வரைக்கும் உள்ள கஸ்டம் லைட் குட்டை ஸ்கேல்லயும் நல்லாத்தான் இருக்கு, என் 23 இன்ச்ல அதைத்தான் வெச்சிருக்கேன், மென்மையா தொட்டாலே பேசும். ஓங்கி அடிச்சா உளறும், அது உண்மை. கேள்வி கேட்டவர் எப்படி வாசிக்கிறாருன்னு சொல்லவே இல்ல, கேஜ் முடிவு பண்றதுக்கு முன்னாடி அதுதான் தெரியணும்.

கீழ் சுருதியில, அதாவது ஆறாவது கம்பியை Dக்கு இறக்கி வாசிக்கிற பழக்கம் இருந்தா மட்டும் 11 பக்கமே போகாதீங்க, குட்டை ஸ்கேல்ல அந்தக் கம்பி தொளதொளன்னு ஆயிடும். அதுக்கு லைட் டாப் மீடியம் பாட்டம்னு ஒரு செட் வருது, மேல 12, 16, அடியில 45, 56. விரலுக்கும் சுகம், அடிச் சத்தமும் நிக்கும். ட்ராவல் கிட்டாருக்கு இதை விடப் பொருத்தமான செட் இல்லைன்னு எனக்குத் தோணும், ஏனோ யாரும் பேசுறதில்ல.

அப்புறம் இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக, உங்க சின்ன கிட்டார் நைலான் கம்பி கிட்டாரா இருந்தா இந்தப் பேச்சு எதுவும் உங்களுக்கு இல்ல. நைலான் செட் ஸ்டீலை விட ரொம்பக் கம்மியா இழுக்கும், அதுக்குத் தகுந்த மாதிரிதான் உள்பக்கம் கட்டை வெச்சிருப்பாங்க. அதுல ஸ்டீல் ஏத்தினா மேல்பலகை வயிறு தள்ளிடும்.

---

ஆறுகம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா சொல்வீங்கன்னு எதிர்பாக்கல. @விரல்நடை நான் பெரும்பாலும் ஸ்ட்ரம்தான், பாடிக்கிட்டே வாசிப்பேன், சுருதி எல்லாம் சாதாரண EADGBE தான், இறக்குறதில்ல.

கேப்போ சோதனை செஞ்சு பாத்தேன், வித்தியாசம் ரொம்பப் பெருசா தெரியுது, முதல் ஃபிரெட்ல கேப்போ போட்டா வலியே இல்ல, அப்ப நட்டுதான் போல. பெக்ல எண்ணிப் பாத்தேன், முதல் கம்பி ஒன்பது சுத்து, குறுக்கும் நெடுக்குமா. @மரத்தூள் பேப்பர் பிரிட்ஜுக்கு அடியில போகல, ட்ரஸ் ராட் இருக்கு, சத்தத் துளை வழியா தெரியுது. அதனால 12 பாஸ்பர் ப்ரான்ஸ், கோட்டிங் போட்டதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

கடைசியா ஒண்ணு, இப்ப இருக்குறதோட கேஜ் என்னன்னே தெரியாது, புதுசு தடிமனா இருந்தா ட்ரஸ் ராடை உடனே திருப்பணுமா? விமானத்துல போகும்போது கம்பியைக் கழட்டிடணுமா?

---

மரத்தூள்:

உடனே திருப்ப வேண்டாம். கம்பி போட்டு சுருதி ஏத்தி ஒரு நாள் விடுங்க, நெக் புது இழுவைக்குப் பழகணும். அப்புறம் ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்லயும் பதினாலாவது ஃபிரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்திப் பிடிச்சு ஆறாவது ஏழாவது ஃபிரெட் பக்கம் இடைவெளி பாருங்க, கால் மில்லிமீட்டர் பக்கம் இருந்தா தொடவே தொடாதீங்க. இடைவெளி அதுக்கு மேல நல்லா தெரிஞ்சா, அதாவது கம்பி நெக்கை முன்னால இழுத்துடுச்சுன்னா, கால் திருப்பு வலப்பக்கம் இறுக்கி சுருதி சேர்த்து மறுபடி பாருங்க. இடைவெளியே இல்லாம நடு ஃபிரெட்ல எல்லாம் அதிருதுன்னா இடப்பக்கம் கால் திருப்பு தளர்த்தணும். ஒரே நேரத்துல கால் திருப்புக்கு மேல போகாதீங்க, கெட்டியா இருந்தா நிறுத்திடுங்க.

சுருதி ஏத்தும்போது நட்டுக்கிட்ட டிங் டிங்னு சத்தம் வந்து சுருதி தாவித் தாவி ஏறுச்சுன்னா பள்ளம் புதுக் கம்பிக்குக் குறுகலா இருக்கு, கம்பி மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். மென்மையான பென்சில் முனையை அந்தப் பள்ளத்துல தேச்சு விட்டா இப்போதைக்கு வழுக்கும், எப்படியும் நட்டு வேலைக்குக் குடுக்கப் போறீங்கல்ல, அப்ப அகலத்தையும் சேர்த்து பாக்கச் சொல்லுங்க. 12வது ஃபிரெட்ல ஆறாவது கம்பிக்கு அடியில 2.4, முதல் கம்பிக்கு அடியில 1.8 மில்லிமீட்டர் பக்கம் கேளுங்க, நீங்க ஓங்கி ஸ்ட்ரம் பண்றவர்ங்கறதையும் சொல்லுங்க, இல்லன்னா ரொம்பத் தாழ்த்திடுவாங்க.

விமானத்துக்குக் கம்பியைக் கழட்டவே வேண்டாம். ஒரு முழு சுரம் இறக்கினா போதும், சிலர் அதுகூட செய்யறதில்ல. அதை விட முக்கியம் வெயில்ல நிக்குற காருக்குள்ள கிட்டாரை விடாம இருக்குறது, சூட்டுல பிரிட்ஜ் பசை இளகும், மேல கம்பி இழுத்துக்கிட்டே இருக்கும், பேப்பர் சோதனையில தோத்துப் போன கிட்டார் பலதும் அப்படித்தான் ஆனது. பையில முதல் கம்பியும் ரெண்டாவது கம்பியும் தனியா ரெண்டு ரெண்டு வெச்சுக்குங்க, அறுந்து போறது பெரும்பாலும் அதுங்கதான். ஒரு சின்ன வெட்டுக் கொறடாவும் இருக்கட்டும், ஆனா அதை கைப்பைல வெச்சா செக்யூரிட்டில நிறுத்தலாம், செக்-இன் பெட்டியில போடுங்க.

---

சுருதி_பித்தன்:

ஒன்பது சுத்தா! சரி, புதுசு போடும்போது வெட்டின முனை பெக்லேருந்து 2, 3 மில்லிமீட்டருக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்காம பாத்துக்குங்க, சின்ன கிட்டாரோட பை மெல்லிசா இருக்கும், குத்திக் கிழிச்சுடும். மாட்டினதும் பெக் பக்கம் ஒரு போட்டோ போடுங்க, பாத்து சொல்றேன்.